நான்கு நாள் ஆன தலையில் கத்தி

நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் டில்லியில் முடி நடுகிற கிளினிக்குகளில் சேர்ந்திருக்கிறீர்கள். தலை மழிக்கிற அறையிலும் தலை கழுவுகிற அறையிலும் நிற்கிறீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். இப்போது கண் சரியில்லை, வீட்டில் இருக்கிறேன்.

மெஷினை எப்படிப் பிடிப்பது, மருந்துத் தண்ணீரை எப்படித் தெளிப்பது என்பதெல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. எழுத்தும் எனக்கு அவ்வளவாக வராது. எட்டாவதோடு சரி. ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். பாஸ்கர் என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். வருகிறவர்கள் எல்லாருக்கும் நடவு கிடையாது. எங்கள் டாக்டரம்மா முதலில் கேட்பது இதைத்தான்: "கொட்டுதா, ஏறுதா?" சீப்பில் கொத்துக் கொத்தாக வருவது ஒன்று. நெற்றி மேலே மேலே ஏறுவது இன்னொன்று. டெங்கு வந்து போனவருக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, ரத்தம் குறைந்தவருக்கு, தைராய்டு இருப்பவருக்குக் கொட்டும். காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதால் அவர்களுக்குக் காரணம் தெரியாது. டில்லித் தண்ணீர் ஆகவில்லை என்பார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். காரணத்தைச் சரிசெய்தால் முடி தானாக வரும்.

காசு அளவுக்கு வட்டமாகப் போயிருந்தால் புழுவெட்டு. புழு எதுவும் கிடையாது. உடம்பே தன் முடி வேரைத் தாக்குகிறதாம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள். அதற்கு ஊசி இருக்கிறது. சர்தார் பையன்களுக்கு இழுத்துக் கட்டிக் கட்டியே ஓரம் போயிருக்கும். கட்டைத் தளர்த்தச் சொன்னால் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். குழந்தைக்குச் செதிலும் சீழுமாக இருந்தால் படை. நீங்கள் தொடாமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அப்பன், பாட்டன் வழியில் வருகிற வழுக்கைதான் ஏறுகிற வகை. தடவுகிற மருந்து இருக்கிறது. ஆண்களுக்கு மாத்திரை இருக்கிறது, அது டாக்டர் பார்த்துக் கொடுப்பது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். அதிலும் சரியாகாதவருக்குத்தான் பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடுவது.

பாஸ்கர் அந்த வகை. முப்பது தாண்டியவர், மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை. டில்லியில் பிறந்தவர், தமிழ் தடுமாறித்தான் வரும், நடுநடுவே இந்தி விழும். மருந்து தடவினார், நடுவில் விட்டுவிட்டார், மறுபடி தடவினார். நெற்றி காதுக்கு நேராக வந்துவிட்டது. தை மாதக் குளிரில் நடவுக்கு வந்தார். டில்லியில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் குளிரில்தான் வருவார்கள். குல்லா போட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மழிப்பதற்கு என் முன்னால் உட்கார்ந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"அண்ணே, வீட்ல யாருக்கும் தெரியாது. ஆபீஸ் டூர்னு சொல்லிட்டு லோதி ரோட்ல ஃப்ரெண்ட் வீட்ல இருக்கேன்."

"எனக்கும் தெரியாது," என்றேன்.

சிரித்தார். கழுத்தில் துண்டைச் சுற்றும்போது அவரே பேசினார். "அப்பாவுக்குச் சுத்தமா வழுக்கை. சித்தப்பாவுக்கும். 'நம்ம வீட்ல சீப்புக்கு வேலையே இல்லலே'ன்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு ஜோக். எனக்கு ஜோக் இல்ல. மத்லப்... அதாவது, யாரும் என் கண்ணைப் பாத்துப் பேசறதில்ல. நெத்திக்கு மேலதான் பாக்கறாங்க."

மெஷின் போட்டேன். நடவு நன்றாக நடந்தது. மறுநாள் நானே கழுவிவிட்டேன். முன்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளி. பத்து நாள் ஆவதற்குள் அதில் விரல் நகம் பட்டாலும் நட்டது பிடுங்கிக்கொண்டு வரும், ரத்தம் வரும். இது உங்களுக்கே தெரியும்.

நாலாம் நாள் எனக்கு லீவு. காலையில் போன் வந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ் வீட்டில் சாவு, மொட்டை போட வர வேண்டும் என்றார்கள். கிளினிக்குக்கு வருவதற்கு முன்னால் அதுதான் என் பிழைப்பு. டில்லித் தமிழ் வீடுகளில் காரியம் என்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கத்தி, சாணைக்கல், கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியவருக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுத்தமான வழுக்கைத் தலை. நெற்றியில் விபூதி அகலமாக இருந்தது. கால்மாட்டில் குல்லா போட்டுக்கொண்டு மகன் நின்றார்.

பாஸ்கர்.

முகம் வீங்கியிருந்தது. கண் இரண்டும் பாதி மூடியிருந்தது. ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "பாவம், அழுது அழுது மூஞ்சி எப்படி வீங்கிக் கெடக்கு பாரு." எனக்கு மட்டும் காரணம் தெரியும். நடவின்போது தலையில் ஏற்றுகிற மருந்துத் தண்ணீர் மூணாம் நாள், நாலாம் நாள் நெற்றியில் இறங்கும், கண்ணுக்கு வரும். வீங்கும். இவர் அழுததாகவே தெரியவில்லை. டூரைப் பாதியில் விட்டு வந்த மாதிரி லோதி ரோட்டிலிருந்து வந்து, அதிர்ந்துபோய் நின்றார்.

என்னைப் பார்த்தார். நான் யாரோ எவரோ மாதிரி கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தார். மாடிப்படிக்கு அடியில் நின்றோம்.

"அண்ணே, மொட்டை போட்டுடுங்க. போனா போகட்டும். பஸ், போதும்."

"முடி மட்டும் போகாது தம்பி. தலை பூரா ஊசிப் புண்ணு. கத்தி வச்சா ரத்தம் கொட்டும். அந்த யமுனைத் தண்ணிய வேற மேல ஊத்துவாங்க. சீழ் பிடிச்சா ஜன்னி வரும்."

"கொள்ளி வைக்கிற பிள்ளை மொட்டை போடலைன்னா சித்தப்பா விடமாட்டார். அம்மா என்ன நெனப்பாங்க? பொய் சொல்லிட்டுப் போனேன் அண்ணே. போறப்ப அப்பா டிக்கெட் எடுத்தியான்னு கேட்டார். எடுத்துட்டேன்னேன்." அவர் கை குல்லாவுக்குப் போனது. அமுக்கினார். நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஆபரேஷனில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி செய்தேன். அதே பதில். வண்டி வந்துவிட்டது, பாடை கட்டியாகிவிட்டது. என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை.

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். தெரிந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு. அந்தத் தலையில் கத்தி வைக்கக்கூடாது. அவர் ரகசியத்தை நான் சொல்லக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியுமா என்று வண்டியில் யோசித்துக்கொண்டே போனேன். வழி தெரியவில்லை.

யமுனைக் கரைச் சுடுகாட்டில் அன்றைக்குக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பாடை காத்திருந்தது. அங்கிருக்கும் பண்டிட் "ஜல்தி, பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்திக் கையைத் தட்டினார். பனி கீழே இறங்கி ஆறே தெரியவில்லை. விறகு அடுக்கிவிட்டார்கள். நான் அங்கிருந்த ஒரு கல் மேல் துண்டு விரித்துக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன்.

சித்தப்பா ஆர்.கே.புரத்தில் இருப்பவர். டில்லிக்கு வந்து ஆயுசு பாதி போயும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவர். மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"ஏல, வா. உக்காரு. குல்லாவக் கழத்து."

பாஸ்கர் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றவில்லை. "குளிருது சித்தப்பா."

"குளிருதா? எங்கண்ணன் அங்கன வெறும் ஒடம்போட கெடக்கான். ஒனக்குக் குளிருதாக்கும்?"

சித்தப்பா குல்லாவைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் குறுக்கே கையை வைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, வேண்டாம். தம்பிக்குத் தலையில புண்ணு இருக்கு. கத்தி வைக்க முடியாது."

"புண்ணா? என்ன புண்ணு?" என்னை உற்றுப் பார்த்தார். "அவன் இன்னும் குல்லாவயே கழத்தலயே. ஒமக்கு எப்படிவே தெரியும்?"

அவசரத்தில் பாதியைச் சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பண்டிட் இந்தியில் என்ன தாமதம் என்று கேட்டார். பின்னால் நின்ற கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தப்பா என்னையும் பாஸ்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாஸ்கர் தானே குல்லாவைக் கழற்றினார்.

பகல் வெளிச்சத்தில் அந்தத் தலையைப் பார்த்துப் பழகாதவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். முன்பக்கம் முழுக்கப் பொருக்கு. பின்பக்கம் பொட்டுப் பொட்டாகப் புண். ஒருத்தர் "அய்யோ" என்று பின்வாங்கினார்.

"என்னல இது?"

"முடி நட்டிருக்கேன் சித்தப்பா."

"எப்ப?"

"டூர்னு சொன்னேன்ல. அப்ப."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சித்தப்பாவின் தாடை ஆடியது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நான் நகர்ந்து பாஸ்கருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அடி அந்தத் தலையில் விழக்கூடாது. அவ்வளவுதான் அப்போது எனக்கு ஓடியது.

அவர் அடிக்கவில்லை. திரும்பிப் பாடையைப் பார்த்தார். அண்ணனின் தலை தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பண்டிட்கூட அதட்டவில்லை.

நான் மெதுவாகச் சொன்னேன். "இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நடவுக்கு முன்னால பின்தலையும் பக்கமும் நான்தான் மழிச்சேன். மீசையும் தாடியும் இப்ப எடுத்துடறேன். முன்னந்தலையிலயும் பின்னால இருக்கற புண்ணுலயும் கத்தி படக்கூடாது. ரத்தம் சொட்டச் சொட்டக் கொள்ளி வைக்க நீங்க விடுவீங்களா?"

சித்தப்பா மஃப்ளரை அவிழ்த்தார். காதுக்கு மேலேயும் பிடரியிலும் வெள்ளையாக ஒரு வரிசை முடி, அவ்வளவுதான் இருந்தது. பாஸ்கரை எழுப்பிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.

"எனக்குப் போடும்வே."

"நீங்களா?"

"தம்பிக்காரன் போடக்கூடாதா? இருக்கது இவ்வளவுதான். எங்கண்ணனுக்கு இது போதும்."

போட்டேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. பாஸ்கருக்கு மீசையும் தாடியும் எடுத்தேன். அவர் கண்ணில் ஈரமே இல்லை.

இத்துடன் தப்பித்தோம் என்று நான் கத்தியைத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பண்டிட் செம்பு நிறைய ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் பாஸ்கர் தலைக்கு மேல் கொண்டுபோய்விட்டார். கறுப்புத் தண்ணீர். ஓடிப்போய் உள்ளங்கையால் மறித்தேன். பாதித் தண்ணீர் என் சட்டையில் விழுந்தது. பண்டிட் கத்தினார். நான் தோளைக் காட்டினேன், தோளில் ஊற்றச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, தலை நனையாமல் எப்படி என்றார்.

சித்தப்பா குனிந்து தன் தலையை நீட்டினார். "இதுல ஊத்தச் சொல்லும். எல்லாத்தயும் இதுல ஊத்தச் சொல்லும்."

நான் இந்தியில் சொன்னேன். பண்டிட் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். அந்தக் குளிரில் அந்த மனுஷன் அசையவில்லை.

பாஸ்கர் குடத்தைத் தோளில் தூக்கிச் சுற்றினார். கொள்ளி வைத்தார். பொறி பறந்தபோதெல்லாம் எனக்கு அவர் தலைமேல்தான் கண். முடிந்ததும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் நேராகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். பொருக்கு சில இடத்தில் நெகிழ்ந்திருந்தது, குல்லாவை அமுக்கியதால். கழுவி, மருந்து கொடுத்தார். பெரிய சேதம் இல்லை என்றார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"விஷயத்தை யார் சொன்னது? நீயா?"

"வாய் தவறிப் பாதி வந்துடுச்சு மேடம். மீதிய அவரே குல்லாவக் கழட்டிக் காட்டிட்டார்."

"போன் எடுக்கலைன்னா ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டச் சொல்லணும். கேஸ் அப்படிப்பட்டதுன்னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கணும்."

அது சரி. எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றட்டும்.

கதை இத்தோடு முடியவில்லை. இரண்டாம் மாதம் பாஸ்கர் ஓடி வந்தார். கையில் ஒரு காகிதத்தில் முடியை மடித்து எடுத்து வந்திருந்தார். நட்டது எல்லாம் கொட்டிவிட்டது. சுற்றி இருந்த சொந்த முடியும் சேர்ந்து கொட்டியது. முகம் வெளிறியிருந்தது.

"அப்பா எடுத்துக்கிட்டார் அண்ணே."

நட்ட முடி முதல் மாதங்களில் கொட்டத்தான் செய்யும். வேர் உள்ளே இருக்கும். மூணு நாலு மாதத்தில் புதுசாக முளைக்கும். நடவுக்கு முன்னாலேயே இதை எல்லாரிடமும் சொல்கிறோம். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சொந்த முடி கொட்டுவதற்கு டாக்டரம்மா வேறு காரணம் சொன்னார். பெரிய அதிர்ச்சி வந்தால் உடம்பு இரண்டு மாதம் கழித்து முடியை உதறும், காய்ச்சலுக்கு உதறுகிற மாதிரிதான் என்றார். அதுவும் திரும்பும் என்றார்.

பாஸ்கர் தலையை ஆட்டினார். நம்பவில்லை. "அச்சா, டாக்டர்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் திரும்பக் கேட்டார்: "நிஜமா வருமா? இல்ல, இது தண்டனையா?"

"தண்டனை குடுக்கறவர் டிக்கெட் எடுத்தியான்னு கேக்கமாட்டார்," என்றேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாதா மாதம் வந்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி. ஒவ்வொரு முறையும் நான் விளக்கடியில் உட்கார வைத்து, பூனை முடி மாதிரி முளைத்திருப்பதைக் கண்ணாடியில் காட்டினேன். சலித்துக்கொள்ளாதீர்கள். நமக்கு அது நூறாவது தலை. அவருக்கு ஒன்றுதான்.

வருஷம் திரும்பியது. மறுபடி தை, மறுபடி பனி. காலையில் நான் மழிக்கிற அறையைத் திறந்துகொண்டிருந்தேன். பாஸ்கர் வந்தார். குல்லா இல்லை. வாசல் வெளிச்சத்தில் முடியைப் பார்த்தேன். அடர்த்தியாக, வகிடு எடுத்துச் சீவியிருந்தார். சட்டைப் பையில் சீப்பு இருந்தது. பின்னாலேயே சித்தப்பா, அதே மஃப்ளர்.

"இன்னைக்கு அப்பாவுக்கு முதல் திவசம்," என்றார் பாஸ்கர். நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு விட்டதப் போடுங்க."

அந்த முடிக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். வந்தார். லென்ஸ் வைத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"வேர் நல்லாப் பிடிச்சாச்சு. இனிமே இது அவர் முடி. வெட்டலாம், மழிக்கலாம். திரும்ப வளரும்."

"மெஷின் போட்டுடறேன் தம்பி," என்றேன். "பாக்க மொட்டை மாதிரியே இருக்கும்."

"கத்தி," என்றார்.

சித்தப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, "பாத்துப் போடும்வே. வெளச்சல் அமோகமால்லா இருக்கு," என்றார். பாஸ்கர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தண்ணீர் தொட்டு முன்னந்தலையை நனைத்தேன். போன வருஷம் எந்த இடத்தில் கத்தி படக்கூடாது என்று மறித்தேனோ, அங்கேதான் முதலில் வைத்தேன். முடி மடியில் கொத்தாக விழுந்தது. அவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். சொட்டு ரத்தம் வரவில்லை. துடைத்துவிட்டு நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் அவருடைய அப்பாவின் தலை இருந்தது. அதே உருண்டை, உச்சியில் அதே பள்ளம். கை மெதுவாக மேலே போய்த் தடவியது.

அப்போதுதான் அழுதார். சத்தம் இல்லாமல் ஆரம்பித்துப் பிறகு அடக்க முடியாமல் அழுதார். சித்தப்பா வந்து அந்த மொட்டைத் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அழுகை நிற்கவே இல்லை. கண் இமை தடித்து முகம் வீங்கிவிட்டது.

வெளியே அன்றைய முதல் ஆள் மழிக்கக் காத்திருந்தார். ரிசப்ஷனில் இருந்து மணி அடித்தார்கள். நான் துண்டை எடுத்துப் பாஸ்கர் கையில் கொடுத்துவிட்டு, கதவை உள்ளிருந்து சாத்தினேன்.